அட்வான்ஸ் வாங்கியவர் கிரையத்துக்கு வராவிட்டால் சட்டம் என்ன தருகிறது?

மனைக்கு விலை பேசி, கிரைய ஒப்பந்தம் எழுதி, ஐந்து லட்சம் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. கெடு முடிவதற்குள் அந்தப் பக்கம் ரிங் ரோடு வருகிறது என்று பேச்சு கிளம்புகிறது. அதோடு விற்பவர் போனை எடுப்பதில்லை. இந்த நிலையில் பாதிப் பேர் “போட்ட பணம் வந்தால் போதும்” என்று இறங்கிப் போகிறார்கள். மீதிப் பேர் “இரண்டு மடங்கு வாங்காமல் விடமாட்டேன்” என்கிறார்கள். சட்டம் முதல் தரப்பு நினைப்பதைவிட அதிகம் தருகிறது. இரண்டாம் தரப்பு கேட்பதை அப்படியே தருவதில்லை.

இதற்கு அடிப்படை இரண்டு சட்டங்கள்: 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், வக்கீல்கள் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் என்று சொல்லும் 1963ஆம் ஆண்டுச் சட்டமும். இவற்றின்படி வாங்குபவர் சொத்தையே கேட்கலாம், நட்டஈடு கேட்கலாம், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

முதலில் சொத்து. நம் ஊர் ஒப்பந்தப் பத்திரங்களில் இப்படி ஒரு வரி இருக்கும்: “எழுதிக் கொடுப்பவர் கெடுவுக்குள் கிரையம் செய்து கொடுக்கத் தவறினால், எழுதி வாங்குபவர் மீதத் தொகையைக் கோர்ட்டில் கட்டி, கோர்ட் மூலம் கிரையம் பெற்றுக்கொள்ள வேண்டியது.” இந்த வரி இல்லாவிட்டாலும் அந்த உரிமை உண்டு. முன்பெல்லாம் அதைக் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது. 1.10.2018 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்திலேயே சொல்லியிருக்கும் விலக்குகள் தவிர, நிறைவேற்றித் தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டே ஆக வேண்டும். சம்மன் சேர்ந்ததிலிருந்து 12 மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும், காரணம் எழுதி இன்னும் 6 மாதம் நீட்டிக்கலாம் என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, பலர் தோற்பது இங்கேதான். ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தே மீதப் பணத்தோடு கிரையத்துக்குத் தயாராக இருந்தேன் என்று வாங்குபவர் நிரூபிக்க வேண்டும். மதுரையில் ஒரு வீட்டுக்காக நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. 1978 டிசம்பரில் 60,000 ரூபாய்க்கு விலை பேசி, 5,000 முன்பணம் கொடுத்து, ஆறு மாதம் கெடு வைத்திருந்தார்கள். வாங்குபவர் நோட்டீஸ் அனுப்பியதோ 1981 ஜூலையில். இரண்டரை வருடம் சும்மா இருந்துவிட்டு, விலை ஏறிய பிறகு வந்து வீட்டைக் கேட்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. விருப்புரிமை இருந்த காலத்துத் தீர்ப்புதான் அது. ஆனாலும் தயார்நிலையைக் காட்ட வேண்டும் என்ற விதி இன்றும் அப்படியே இருக்கிறது.

அதனால் கெடு முடியும் முன்பே எழுத்தில் கேளுங்கள். “இந்தத் தேதியில், இந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில், மீதத் தொகையோடு இருப்பேன், வந்து கிரையம் செய்து கொடுங்கள்” என்று பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் போகட்டும். அன்றைய பேங்க் பேலன்ஸ், லோன் சாங்ஷன் கடிதம், முத்திரைத்தாள் வாங்கிய ரசீது எல்லாம் சாட்சி. போனில் நூறு முறை கெஞ்சியது பெரிதாக உதவாது.

வழக்குப் போட 3 வருடம் அவகாசம் உண்டு. பத்திரத்தில் தேதி இருந்தால் அந்தத் தேதியிலிருந்து, இல்லாவிட்டால் மறுக்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து. 3 வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் மதுரை வழக்கைச் சொன்னேன்.

சரி, அதற்குள் அவர் வேறொருவருக்கு விற்றுவிட்டால்? உங்கள் ஒப்பந்தம் தெரியாமல், நல்லெண்ணத்தோடு, பணம் கொடுத்து வாங்கியவரைச் சட்டம் காப்பாற்றும். இங்கேதான் பதிவு முக்கியம். தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும்; ‘எனக்குத் தெரியாது’ என்று பின்னால் வாங்கியவர் சொல்ல முடியாது. பதிவு செய்யாத ஒப்பந்தம் கையில் இருப்பவர்களும் கைவிட வேண்டாம். சொத்தைக் கேட்டுப் போடும் வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவாக்கியது.

அடுத்து நட்டஈடு. ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட நட்டத்தைத் தரச் சொல்கிறது. மீறியவரைத் தண்டிப்பது அதன் வேலை அல்ல. 20 லட்சத்துக்குப் பேசிய மனை, அவர் மறுத்த நாளில் 26 லட்சம் போகிறது என்றால் அந்த 6 லட்சம்தான் நட்டம். அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. பக்கத்து மனைகள் அந்தச் சமயத்தில் விற்ற கிரையப் பத்திரங்களின் நகல் இதற்குக் கைகொடுக்கும். 1961இல் கான்வாஸ் துணி வியாபாரம் பற்றிய வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தத்தை மீறியது விற்றவர்தான். ஆனால் சரக்கைக் கொடுக்க வேண்டிய கான்பூரில் அன்றைய விலை என்ன என்று காட்ட வேண்டிய இடத்தில், வாங்கியவர் கல்கத்தா விலையைக் காட்டினார். ஒரு பைசா நட்டஈடு கிடைக்கவில்லை.

அந்த மனையில் கடை கட்டியிருந்தால் இவ்வளவு லாபம் வந்திருக்கும் என்று கேட்க முடியுமா? ஒப்பந்தம் போடும்போதே விற்பவருக்கு அந்த நோக்கம் தெரிந்திருந்தால்தான் கேட்டுப் பார்க்கலாம். எனவே நோக்கத்தைப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். அப்புறம், நட்டத்தைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும்.

பத்திரத்திலேயே “தவறினால் இரு மடங்கு தர வேண்டியது”, “அட்வான்ஸை இழந்துவிட வேண்டியது” என்று எழுதியிருந்தால்? 74ஆம் பிரிவின்படி அந்தத் தொகை உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான அளவுதான் கிடைக்கும். டெல்லியில் ஒரு பங்களாவுக்காக முதலில் 1,000, பிறகு 24,000 கொடுத்த ஒருவரின் பணம் முழுவதையும் பறிமுதல் செய்ய விற்பவர் முயன்றார். பேச்சை உறுதிப்படுத்தக் கொடுத்த ஈட்டுப்பணமான 1,000 மட்டுமே அப்படிப் போகும், விலையின் பகுதியாக வந்த 24,000 போகாது என்று 1963இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015இல் டெல்லி வளர்ச்சி ஆணையத்துக்கு எதிரான வழக்கிலும் இதே கொள்கைதான். 3.12 கோடிக்கு ஏலம் போன மனையை ஆணையம் பின்னர் 11.78 கோடிக்கு விற்றிருந்தது. வாங்கியவர் ஒப்பந்தத்தை மீறவில்லை, ஆணையத்துக்கு நட்டமும் இல்லை, ஆகவே அவர் கட்டிய 78 லட்சத்தைத் திருப்பிக் கொடு என்று தீர்ப்பு வந்தது. வாங்குபவர் பின்வாங்கும் நேரங்களிலும் இதை நினைவில் வையுங்கள். அட்வான்ஸ் முழுவதும் போச்சு என்று விற்பவர் சொல்வதே கடைசி வார்த்தை இல்லை.

மூன்றாவது, பணத்தைத் திரும்பப் பெறுவது. சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவின்படி, நீங்கள் காரணமில்லாமல் பின்வாங்காதவரை, கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே உங்களுக்குப் பொறுப்புரிமை உண்டு, அதாவது உங்கள் பணத்துக்கு அந்தச் சொத்தே பிணை. மனுவில் சொத்து, இல்லாவிட்டால் நட்டஈடு, அட்வான்ஸ், வட்டி எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். கேட்காததை நீதிமன்றம் தானாகத் தராது. விட்டுப்போனால் மனுவைத் திருத்திச் சேர்க்க வழி உண்டு.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ரொக்க விஷயம். பத்திரத்தில் 8 லட்சம், உண்மையில் 20 லட்சம், மீதி ரொக்கம் என்று பேசிவிட்டு, பிரச்சினை வந்தபின் அந்த 12 லட்சத்தை எதை வைத்துக் கேட்பது? நிலம் விற்பதற்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதையே வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. செக் அல்லது பேங்க் மாற்றம் மட்டும்தான் உங்களைக் காப்பாற்றும்.

பில்டரிடம் ஃபிளாட் புக் செய்தவர்களுக்கு வேறு வாசலும் உண்டு. குறித்த நேரத்தில் தராவிட்டால், ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 18ஆம் பிரிவின்படி வட்டியோடு முழுப் பணத்தையும் கேட்கலாம். வேண்டாம், வீடுதான் வேண்டும் என்றால் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி. வீடு கட்டும் ஒப்பந்தக்காரர் பாதியில் விட்டுப் போனால், 30 நாளுக்குக் குறையாமல் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, வேறு ஆளை வைத்து முடித்து, அந்தச் செலவை அவரிடம் வசூலிக்க வழக்குப் போடலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது. வருமான வரம்புக்குள் இருக்கும் மற்றவர்களுக்கும் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் விசாரிக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். போகும்போது ஒப்பந்தத்தின் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், நோட்டீஸ் அனுப்பிய தபால் ரசீது மூன்றையும் எடுத்துப் போங்கள்.