சிமுலேஷனுக்கு முன்னால் வெர்னியரை எடுங்கள்

சிஎன்சி புரோகிராமைத் திரையில் வெட்டிப் பார்க்கும் சிமுலேஷன் ஓடி முடிந்தது, மோதல் எதையும் காட்டவில்லை. புரோகிராம் மெஷினுக்குப் போனது. முதல் ஜாப்பிலேயே எண்ட் மில் (வெட்டும் டூல்) உடைந்தது. இப்படி நடக்கும்போது பழி முதலில் ஆபரேட்டர் மேல் விழும், அப்புறம் டூல் மேல், கடைசியில் புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் போஸ்ட் பிராசசர் மேல். புரோகிராம் எழுதிய கேம் (CAM) மென்பொருளின் ஃபைலைத் திறந்து அதில் ஸ்டாக், அதாவது வெட்டப்போகும் கட்டை, என்ன அளவில் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

மெஷினின் வைஸில் (கட்டையை இறுக்கிப் பிடிக்கும் கிடுக்கி) என்ன பிடித்திருக்கிறோம் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. நாம் கொடுத்த கட்டையைத்தான் அது வெட்டிப் பார்க்கிறது. பெரும்பாலானோர் பவுண்டிங் பாக்ஸை அழுத்திவிட்டு, முடிந்த பாகத்தைச் சுற்றி வரும் பெட்டியை அப்படியே ஸ்டாக்காக வைத்துவிடுகிறார்கள். ரம்பத்தில் அறுத்து வரும் கட்டை அந்த அளவில் இருக்கவே இருக்காது.

ஒரு கணக்கைப் பாருங்கள். முடிந்த பாகம் 100 × 80 × 25 மி.மீ., 6061 அலுமினியம். பேண்ட்சாவில் அறுத்த கட்டை 106 × 86 × 30. புரோகிராமில் ஸ்டாக் 100 × 80 × 25 என்றே இருக்கிறது. பக்கவாட்டை வெட்ட 12 மி.மீ. எண்ட் மில் ஸ்டாக்குக்கு வெளியே, ஓரத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி இறங்குகிறது. வெளியேதானே என்று ரேபிடிலேயே (வெட்டாமல் வேகமாக நகர்த்தும் ஜி00 கட்டளை) முழு ஆழத்துக்கும் இறங்க அனுமதித்திருக்கிறோம். திரையில் அது காற்றில் இறங்கும். மெஷினிலோ கட்டை அந்தப் பக்கம் 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆக டூலின் ஓரம் 1 மி.மீ. உலோகத்தின் மேல் நிற்க, ஜி00 வேகத்தில் குத்துகிறது. டூல்பாத்தில் ஒரு பிழையும் இல்லை.

மேல்முகத்திலும் இதே கதைதான். இசட் பூஜ்யம் (உயரத்தை அளக்கத் தொடங்கும் இடம்) முடிந்த மேல்முகத்தில் இருக்கிறது, கட்டை அதற்கு மேல் 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரம்பம் கோணலாக அறுத்து ஒரு மூலை மட்டும் 4 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. கிளியரன்ஸ், அதாவது டூல் நகரும்போது இசட் பூஜ்யத்துக்கு மேல் விடும் உயரம், 3 மி.மீ. என்றால், அந்த மூலையை ரேபிடில் கடக்கும்போதே டூல் இடித்துவிடும். அதனால் தடிமனை நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்து, கிடைத்த அளவுகளில் பெரியதை ஸ்டாக்காகக் கொடுங்கள். சராசரி எடுக்காதீர்கள். டூல் சராசரியில் மோதுவதில்லை.

வார்ப்பு ஜாப்பில் ஒரே ஸ்டாக் மாடல் போதவே போதாது. கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் பாடி வெட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த தலைவலி. வரைபடத்தில் மெஷினிங் அலவன்ஸ் (வெட்டி எடுக்க விடும் கூடுதல் தடிமன்) 3 மி.மீ. என்று இருக்கும். அச்சின் இரண்டு பாதியும் நகர்ந்தாலோ கோர் (உள்குழிவுக்காக வைக்கும் அச்சு) தள்ளினாலோ, ஒரு பக்கம் 4.5, எதிர்ப்பக்கம் 1.5 என்று வரும். இரண்டு மாடல் செய்யுங்கள்: எல்லாப் பக்கமும் அதிகபட்சத் தடிமனில் ஒன்று, குறைந்தபட்சத்தில் ஒன்று. முதலாவதை ஓட்டினால் மோதலும் முதல் வெட்டின் உண்மையான ஆழமும் தெரியும். இரண்டாவதை ஓட்டினால் முகம் சுத்தமாக வருமா, வார்ப்புத் தோல் எங்காவது மிஞ்சுமா என்பது தெரியும். இந்த இரண்டாவது ஓட்டத்தில், முடிந்த பாகத்தோடு ஒப்பிடும் வண்ணப் படத்தில் சில இடங்கள் அதிகம் வெட்டிய நிறத்தில் வரலாம். உடனே டூலைச் சந்தேகிக்க வேண்டாம். அங்கே தொடக்கத்திலேயே உலோகம் இல்லை, அவ்வளவுதான்.

பாகத்தைத் திருப்பிப் பிடித்து வெட்டும் இரண்டாவது செட்டிங்குக்கு, முதல் செட்டிங் முடிந்து மிஞ்சியதே ஸ்டாக். கேம் மென்பொருள்களில், ஃப்யூஷனில் முந்தைய செட்டப்பிலிருந்து எடுக்கலாம், மாஸ்டர்கேமில் ஸ்டாக் மாடலாகச் சேமிக்கலாம், என்எக்ஸில் அதற்கு ஐபிடபிள்யூ (in-process workpiece) என்று பெயர். புதிதாக ஒரு பெட்டி கொடுத்தால் ஏற்கெனவே வெட்டிய பாக்கெட்டை மறுபடி காற்றில் வெட்டும். அது நேர விரயம் மட்டும். முடிந்த பாகத்தையே ஸ்டாக்காகக் கொடுப்பதுதான் ஆபத்து. வைஸ் பிடிக்க விட்ட 3 மி.மீ. அடிப்பகுதி இப்போது மேலே நிற்கும், மென்பொருளுக்கு அது இருப்பதே தெரியாது. மிஞ்சிய வடிவத்தை எஸ்டிஎல் என்ற 3டி ஃபைலாகச் சேமித்துத் திரும்ப எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது பழைய பூஜ்யப் புள்ளியை வைத்தே வந்து உட்காரலாம். ஒரு மூலைத் துளையை அடையாளமாக வைத்து, அது சரியான பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்டிஎல் என்பது முக்கோணங்களால் ஆனது. 0.1 மி.மீ. டாலரன்ஸில் எழுதிய ஃபைலை வைத்துக்கொண்டு 0.02 மி.மீ. வித்தியாசத்தைத் தேடுவதில் பொருளில்லை. மிச்சம் எடுக்கும் ரஃப்பிங்கிலும் இதனால் தொல்லை வரும். வளைவுகளின் மேல் பொட்டுப் பொட்டாக நூற்றுக்கணக்கான குட்டி வெட்டுகள் தோன்றும். ஃபைலை நுணுக்கமான டாலரன்ஸில் எழுதுங்கள், இன்ன தடிமனுக்குக் கீழ் மிச்சத்தை விட்டுவிடு என்ற அமைப்பையும் போடுங்கள்.

வைஸ் ஜா, பேரலல் (கட்டையை அடியில் தாங்கும் பட்டை), கிளாம்ப், டூலைப் பிடிக்கும் ஹோல்டர் எல்லாம் மாடலில் இருக்க வேண்டும். 118 டிகிரி ட்ரில்லின் முனை நீளம் விட்டத்தில் ஏறக்குறைய 0.3 மடங்கு. 12 மி.மீ. ட்ரில் என்றால் 3.6 மி.மீ. துளை முழு விட்டத்தில் அடியைத் தாண்ட அந்த அளவு கூடுதலாக இறங்கும், பேரலல் எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் முக்கியமாகிறது. ஹோல்டரில் டூலை இறுக்கும் இஆர்32 நட்டின் வெளிவிட்டம் 50 மி.மீ. அதைவிடக் குறுகலான 40 மி.மீ. ஆழப் பாக்கெட்டில் டூல் நட்டிலிருந்து 45 மி.மீ. நீண்டிருந்தால் 5 மி.மீ. இடைவெளி இருப்பதுபோல் தோன்றும். பாக்கெட் ஓரத்தில் ஃபேஸ் செய்யாத 6 மி.மீ. வார்ப்பு மேடு நின்றால் நட் அதில் தேய்க்கும்.

ஸ்டாக் சரியாக இருந்தும் ஓரிடத்தில் ஏமாறலாம். ஃபானுக் கன்ட்ரோல் உள்ள பல மெஷின்களில் ஜி00 நேர்கோட்டில் போகாது. ஒவ்வொரு ஆக்சிஸும் தன் வேகத்தில் ஓடுவதால் பாதை மடங்கும், திரையில் நேராகத்தான் தெரியும். இதைத் தீர்மானிப்பது கன்ட்ரோலில் பாராமீட்டர் 1401-ன் 1-ஆம் பிட், அது எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செட்டப் ஷீட்டில் ஸ்டாக் அளவை எழுதும்போது, சிமுலேஷனில் கொடுத்த அதே அளவை 'இதற்கு மேல் கூடாது' என்று எழுதுங்கள். முதலில் சொன்ன அலுமினியக் கட்டைக்கு உதாரணமாக: 108 × 88 × 32, மேல்முகம் இசட் பூஜ்யத்துக்கு மேல் 4 வரை. ஆபரேட்டர் கட்டையை அளந்து, 0.5 மி.மீ. கூடுதலாக இருந்தாலும் சைக்கிள் ஸ்டார்ட் பட்டனைத் தொடாமல் புரோகிராமரைக் கூப்பிட வேண்டும். புதிய அளவைப் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்த பிறகு மெஷினை ஓட்டலாம்.