செல்ஃபி: தாமியா, சுயமியா, தற்படமா?

ஒருவர் தன்னைத்தானே எடுத்துக்கொள்ளும் படம் செல்ஃபி. தமிழில் அதைத் தாமி, சுயமி, தற்படம் என்று பலவாறு சொல்கிறார்கள். பெரும்பாலும் கைபேசியில் எடுப்பது, வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ பகிர்வதற்காகவே எடுப்பது. கூட நாலு பேர் நின்றாலும், எடுத்தவர் படத்துக்குள் இருந்தால் அது செல்ஃபிதான். கண்ணாடி முன் நின்று பின்பக்கக் கேமராவில் எடுத்ததும் அப்படியே. பக்கத்தில் நிற்பவரிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னால் அது வெறும் படம்.

தன்னைத் தானே படம் எடுக்கும் பழக்கம் பழையது. ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கொர்னீலியஸ் 1839இலேயே தன்னை எடுத்திருக்கிறார். ஆனால் செல்ஃபிக்குத் தனிப் பெயர் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு: கை எட்டும் தூரம் அந்தப் படத்தின் சாயலையே மாற்றிவிடுகிறது. மூக்கு நுனியிலிருந்து காது சுமார் 12 செ.மீ. பின்னால் இருக்கிறது. போனை 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால், காதோடு ஒப்பிட மூக்கு 40 விழுக்காடு பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டர் தள்ளிப்போனால் அது 8 விழுக்காடாகக் குறையும். ‘செல்ஃபியில் மட்டும் என் முகம் வேறு மாதிரி இருக்கிறது’ என்பவர்கள் சொல்வது உண்மைதான். இன்னொன்று, எடுக்கும்போது திரை கண்ணாடிபோல் இடவலம் மாற்றிக் காட்டும். சேமிக்கும்போது பல போன்கள் அதை நேராக்கிவிடும். வகிடு திசை மாறியதுபோல் தோன்றுவது இதனால்தான். திரையில் கண்டபடியே வேண்டுமென்றால் கேமரா அமைப்புகளில் அதற்கான தெரிவை இயக்க வேண்டும். அப்போது சட்டையிலுள்ள எழுத்து தலைகீழாக அல்ல, இடவலம் மாறிப் பதியும்.

சொல்லின் பிறப்பிடம் ஆஸ்திரேலியா. அகராதிக்காரர்கள் கண்டெடுத்த முதல் பதிவு 2002 செப்டம்பர் 13ஆம் தேதியது. விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்ட ஒருவர், அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் இணையதளத்தில் அந்தப் படத்தைப் போட்டு, தெளிவில்லாததற்கு மன்னிப்புக் கேட்டு, ‘அது செல்ஃபி’ என்று காரணம் சொன்னார். 2010இல் ஐபோன் 4 முன்பக்கக் கேமராவோடு வந்தது. 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

சொல்லின் கடைசியிலுள்ள ‘ஈ’ ஒலியைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியர்கள் பார்பெக்யூவை ‘பார்பி’ என்பார்கள். சொல்லைக் குறுக்கிச் செல்லமாக அழைக்கும் விகுதி அது. தமிழில் வந்த தாமி, சுயமி இரண்டும் அந்த ஒலியைப் பார்த்தே செய்யப்பட்டவைபோலத் தெரிகின்றன. சிக்கல் அங்கேதான். தமிழில் ‘இ’ விகுதி செல்லத்துக்கானதல்ல, செய்பவரையோ கருவியையோ குறிப்பது: உலாவி, ஒலிபெருக்கி, பூச்சிக்கொல்லி. அந்தக் கணக்கில் தாமி என்றால் படம் எடுக்கும் ஆள் அல்லது கருவி என்றுதான் காதில் விழும், எடுத்த படம் என்று விழாது. சுயமியில் ‘சுயம்’ வடசொல் என்பது கூடுதல் குறை.

தற்படம் என்பதில் இந்த இடறல் இல்லை. தன் + படம் = தற்படம். தற்பெருமை, தற்காப்பு, தற்சார்பு எல்லாம் இதே புணர்ச்சிதான், அதனால் முதல்முறை கேட்பவருக்கும் பொருள் புரிந்துவிடும். (தற்சமயம் என்பதில் வரும் ‘தற்’ வேறு, அது வடமொழித் ‘தத்’.) தம்படம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். ‘தம்’ பன்மை என்பதால் கூட்டமாக எடுக்கும் செல்ஃபிக்கு அது அழகாகப் பொருந்தும். தனி ஒருவர் படத்துக்குத் தற்படமே சரி.

வினையாக்குவதும் எளிது: தற்படம் எடுத்தாள், தண்டவாளத்தில் தற்படம் எடுக்காதீர். செல்ஃபி ஸ்டிக்கைத் தற்படக் கோல் எனலாம். எழுதும்போது ‘தற்ப்படம்’ என்று ப் சேர்க்கக் கூடாது. றகர ஒற்றுக்குப் பின் இன்னொரு வல்லின ஒற்று வராது. ‘முயற்ச்சி’ பிழையாவதும் இதே விதியால்தான்.