டைட்ரேஷன்: பொன்னுக்கு மாற்று, மருந்துக்கு என்ன?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்களிடம் மருத்துவர் வந்து, "பிரஷர் இறங்கியிருக்கிறது, மருந்தை டைட்ரேட் செய்துகொண்டிருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். கேட்டவர்களுக்குப் பிரஷர் புரிகிறது. மற்றது புரிவதில்லை. அதில்தான் உள்ளே நடக்கும் வேலை முழுவதும் இருக்கிறது.

பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு இது பழகிய சொல். பியூரெட் என்ற அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து பெர்மாங்கனேட் கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்கும். இளஞ்சிவப்பு மறையாமல் நின்றதும் குழாயை மூடிவிட வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல் இதைத் 'தரம் பார்த்தல்' என்கிறது. இலங்கையில் 'நியமிப்பு' என்பார்கள்.

சொல்லின் வேர் லத்தீன் 'டிட்டுலஸ்'. ஒரு பொருளின்மேல் எழுதி வைத்த பெயர்க்குறிப்பு என்று பொருள். 'டைட்டில்' பிறந்ததும் இதிலிருந்துதான். பிரெஞ்சுக்குப் போனபோது அது 'தித்ர்' ஆகி, நாணயத்திலும் நகையிலும் பொன்னும் வெள்ளியும் எவ்வளவு சுத்தம் என்பதைக் குறித்தது. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த 'மாற்று' இதுதான். நம் பொற்கொல்லர்கள் கட்டளைக்கல்லில் உரைத்துப் பார்த்ததற்கு வைத்த பெயரும், பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 1828இல் வேதியியலாளர் கே-லுசாக் அதை வினைச்சொல்லாக்கி, ஒரு கரைசலில் சரக்கு எவ்வளவு என்று அளப்பதற்குப் பயன்படுத்தினார்.

மருத்துவத்தில் பொருள் இன்னும் நகர்ந்துவிட்டது. இங்கே யாரும் எதன் செறிவையும் கண்டுபிடிப்பதில்லை. மருந்தைக் கொஞ்சமாகத் தொடங்கி, உடல் காட்டும் பதிலைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவதும் இறக்குவதும்தான் டைட்ரேஷன். கிருமித்தொற்று முற்றி இரத்த அழுத்தம் சரிந்தவருக்கு, இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் என்ற மருந்தை ஏற்றுகிறார்கள். சராசரி தமனி அழுத்தம் (120/80 என்பதுபோல் இரண்டு எண்ணாக அல்லாமல், சராசரியாக ஒரே எண்ணில் சொல்வது) 65 மி.மீ. பாதரசம் என்பது தொடக்க இலக்கு. இரத்தத்தில் இந்த மருந்தின் ஆயுள் சில நிமிடங்களே. ஆகவே சிரிஞ்சு பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், செவிலியரின் கண் மானிட்டரிலேயே இருக்க வேண்டும்.

ஒரு சிரிஞ்சைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 50 மி.லி.யில் 4 மி.கி. மருந்து, அதாவது ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் கொடுக்க பம்பில் 4.5 மி.லி./மணி வைக்க வேண்டும். இரவுப்பணி மாறும் நேரத்தில் அடுத்த சிரிஞ்சில் யாரோ 8 மி.கி. கலந்துவிட்டால்? பம்பில் அதே 4.5தான் தெரியும். உடம்புக்குள் போவது இரண்டு மடங்கு.

இதைவிட நுட்பமான பொறி ஆம்ப்யூலின் லேபிளில் இருக்கிறது. நார்அட்ரினலின் டார்ட்ரேட் என்ற உப்பாக வருகிறது. 2 மி.கி. உப்பில் தூய மருந்து 1 மி.கி. மட்டுமே. லேபிளில் அச்சிட்ட எண் உப்பின் எடையா, தூய மருந்தின் எடையா என்று பார்க்காமல் கலந்தால், அளவு பாதியாகவோ இரட்டிப்பாகவோ போய்விடும். கலப்பில் சுத்தச் சரக்கு எவ்வளவு, மேலே எழுதியிருப்பது எதை என்ற கேள்வி இது. மாற்று, பெயர்க்குறிப்பு ஆகிய இரண்டு பழம்பொருளும் அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் அப்படியே உயிரோடு இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தரம் பார்த்தல்' ஆய்வுக்கூடத்துக்குப் பொருந்தும், நோயாளியின் படுக்கைக்குப் பொருந்தாது. அங்கே தரம் பார்க்கப்படுவது யார் என்ற குழப்பம் வரும். 'கூட்டிக் குறைத்தல்' எளிது. ஆனால் எதுவரை கூட்டுவது என்று அது சொல்லவில்லை. 'பதம்' என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். பாகு கம்பிப் பதம் வந்ததும் அடுப்பை அணைப்பவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும். ஆனால் கல் காலைப் 'பதம் பார்த்தது' என்றும் சொல்கிறோம்; மருந்து அப்படிப் பதம் பார்த்துவிடக் கூடாது. மருத்துவக் குறிப்பில் எழுத 'இலக்குசார் அளவுச் சீராக்கம்' என்பதையே பரிந்துரைப்பேன். சற்று நீளம்தான். ஆனாலும் 'இலக்கு' என்ற பகுதியை விட்டுக்கொடுக்கக் கூடாது.

காரணம், வெறுமனே 'டைட்ரேட் செய்யவும்' என்று எழுதிய உத்தரவு பாதி உத்தரவு. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன், இத்தகைய உத்தரவில் தொடக்க வேகம், ஒவ்வொரு முறையும் ஏற்றும் அளவு, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, உச்ச வரம்பு, எதை அளந்து முடிவெடுப்பது ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. இவை இல்லாதபோது, நள்ளிரவில் தனியாக நிற்கும் செவிலியர் ஊகித்துத்தான் பம்பைத் தொட வேண்டியிருக்கும்.

வாசலில் நிற்பவர்களுக்குச் சொல்ல நீளமான கலைச்சொல் எதுவும் வேண்டாம். "சராசரி பிரஷர் 65 வரும்வரை மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறோம். அது நிலைத்ததும் அதேபோல் இறக்குவோம்." இதைச் சொல்ல பத்து விநாடி போதும்.