கேட் தாழ்ப்பாள் ஏன் சேரவில்லை?

ஒரு கையால் கேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் தாழ்ப்பாளைத் தள்ளுகிற வீடுகள் நம் தெருக்களில் ஏராளம். ஏன் என்று கேட்டால் "வெயிலுக்கு இரும்பு விரிஞ்சிடுச்சு" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வெயில் மேல் பழி நிற்காது. ஒரு மீட்டர் இரும்பு, சூடு 1 டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் 0.012 மி.மீ. நீளும். நாலடி கேட், அதாவது 1.2 மீட்டர், விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் நடுவே 30 டிகிரி சூடேறினாலும் நீள்வது 0.43 மி.மீ.தான். அதுவும் அகலவாக்கில். தாழ்ப்பாள் கம்பியோ துளைக்குக் கீழே இறங்கி நிற்கிறது. இரண்டும் வேறு வேறு திசை.

கேட்டைக் கீழே இழுப்பது அதன் சொந்த எடை. 40 கிலோ கேட்டின் எடை முழுவதும் நடு அகலத்தில், கீலிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்த எடை கேட்டை முன்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கிறது. கவிழாமல் பிடிப்பவை இரண்டு கீல்கள். மேல் கீல் தூணிலிருந்து பிடுங்கப்படுகிறது, கீழ்க் கீல் தூணுக்குள் அழுத்தப்படுகிறது. கீல்களுக்கு இடையே 1 மீட்டர் இருந்தால் மேல் கீலைப் பிடுங்கும் இழுவிசை 24 கிலோ எடைக்குச் சமம். பட்டறையில் அவசரத்துக்கு அரை மீட்டர் இடைவெளியில் கீல் வைத்துவிட்டால் அதுவே 48 கிலோ ஆகிவிடும். கீல்களை எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வையுங்கள் என்பது இதனால்தான்.

25 கிலோ பையன் ஒருவன் கேட்டின் முனையில் ஏறி ஊஞ்சலாடினால்? 1 மீட்டர் இடைவெளியிலேயே இன்னொரு 30 கிலோ இழுவை சேரும். பெரியவர்கள் திட்டுவதில் பௌதிகம் இருக்கிறது.

மேல் கீல் தூணிலிருந்து வெறும் 2 மி.மீ. வெளியே வந்தாலும் 1.2 மீட்டர் தள்ளியிருக்கும் தாழ்ப்பாள் 2.4 மி.மீ. கீழே இறங்கிவிடும். 12 மி.மீ. கம்பிக்கு 14 மி.மீ. துளை போட்டிருந்தால் கீழ்ப்பக்கம் இருப்பது 1 மி.மீ. இடம். அவ்வளவுதான், கதை முடிந்தது. தூணே சாய்ந்தாலும் இதே கதைதான். கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். தூண் 300-க்கு 1 என்ற அளவில் சாய்ந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தாழ்ப்பாள் 4 மி.மீ. இறங்கியிருக்கும். மழைக்காலத்தில் மட்டும் பூட்டாத கேட்டுகளின் ரகசியம் பெரும்பாலும் அஸ்திவாரத்தில் இருக்கும்.

கேட்டின் சட்டமே கோணுவது இன்னொரு வகை. நாலு மூலைச் சட்டம் சாய்சதுரமாக நசுங்கும், முக்கோணம் நசுங்காது. அதனால்தான் குறுக்குக் கம்பி. மரக் கேட்டானால் குறுக்குச் சட்டம் கீழ்க் கீல் மூலையில் தொடங்கி, தாழ்ப்பாள் பக்க மேல் மூலைக்குப் போக வேண்டும், எடையைத் தாங்கி நிற்க. மெல்லிய கம்பியோ ஒயரோ என்றால் நேர் எதிர்: மேல் கீல் மூலையிலிருந்து எதிர்ப்பக்கக் கீழ் மூலைக்கு. ஒயரால் இழுக்கத்தான் முடியும், முட்டுக் கொடுக்க முடியாது. இதை மாற்றிப் போட்ட கேட்டுகள் எத்தனையோ.

சரி, தாழ்ப்பாளுக்கு வருவோம். இறங்கப்போவது மேல்-கீழ் திசையில் என்று தெரிந்துவிட்டதால் தேர்வு எளிதாகிறது. ஹார்டுவேர் கடையில் அல்ட்ராப் என்று கேட்டால் கிடைக்கும் தள்ளு தாழ்ப்பாளே போதும். அதன் கம்பி நுழையும் துளையை வட்டமாக விடாமல், கீழ்ப்பக்கமாக 6, 7 மி.மீ. நீட்டி ராவிவிடுங்கள். முன்-பின் திசையில் மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். கேட் ஆடிச் சத்தம் போடுவது அந்தத் திசையில்தான். தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும் நாக்கு வகையும் உண்டு. சாத்தும்போது எதிர்க்கம்பி நாக்கின் சரிவில் ஏறி அதைத் தூக்கும், தாண்டியதும் நாக்கு தன் எடையாலேயே விழும். ஸ்பிரிங் இல்லை, துருப்பிடித்துக் கெடுவதும் குறைவு. நாக்கையும் அதன் கூட்டையும் ஒரே துளை கடந்து போகிற மாதிரி வாங்கினால், அந்தத் துளையில் பூட்டை மாட்டி நாக்கு எழும்பாமல் செய்துவிடலாம்.

பொருத்தும் வரிசை முக்கியம். புதுத் தூண் என்றால் கான்கிரீட் இறுகட்டும். வழக்கமாகச் சொல்லும் கணக்கு 28 நாள். அப்புறம் கேட்டை மாட்டி, கொஞ்ச நாள் திறந்து மூடிப் பழக விடுங்கள். கீல்கள் அமர்ந்து, இறங்க வேண்டியது இறங்கட்டும். பிறகு கம்பி முனையில் கொஞ்சம் பெயிண்டைத் தடவித் தள்ளினால், எதிர்ப்பக்கம் எங்கே துளை போட வேண்டும் என்று அதுவே காட்டிவிடும்.

பூட்டைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள், அது மாட்டும் நாதாங்கியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் லீவர் தகடுகள் ஒவ்வொன்றையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும். குறைவாகத் தூக்கினாலும் தப்பு, கூடுதலாகத் தூக்கினாலும் தப்பு. இந்த ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778-லேயே காப்புரிமை வாங்கினார். ஆனால் திருடன் லீவரோடு மல்லுக்கட்ட மாட்டான். வெளியே தெரிகிற நாலு ஸ்குருவைக் கழற்றுவான், இல்லையென்றால் கடப்பாரையை இடுக்கி நெம்புவான். அதனால் ஸ்குருவுக்குப் பதில் உருண்டைத் தலை போல்ட்டை வெளியிலிருந்து செருகி, நட்டை உள்பக்கம் முடுக்குங்கள். பூட்டின் வளையம் துளையை ஏறக்குறைய நிரப்புகிற தடிமனில் இருந்தால் கடப்பாரைக்கு இடமே கிடைக்காது.

துரு விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாழ்ப்பாளைச் சாதாரண இரும்பு ஸ்குருவால் முடுக்கினால், ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும். அதில் அரிக்கப்படுவது இரும்பு. தகடு பெரிது, ஸ்குரு சிறிது என்பதால் அரிப்பு வேகமாக நடக்கும். ஸ்குருவும் ஸ்டெயின்லெஸ்ஸாகவே இருக்கட்டும். கடற்கரை ஊர் என்றால் மாலிப்டினம் கலந்த 316 ரகம் உப்புக்காற்றைக் கூடுதலாகத் தாங்கும். ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்துத் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். துத்தநாக பிரைமர் அடிக்காமல் மேல் பெயிண்ட் மட்டும் அடிப்பதில் பெரிய பலன் இல்லை.

பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வழக்கம். அன்றைக்குச் சாவி சுகமாகத் திரும்பும், பிறகு தெருப்புழுதி எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடும். உலர்ந்த கிராஃபைட் பொடி நல்லது, அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், தூசியைப் பிடிக்காது. பென்சில் முனையைச் சுரண்டிப் போடலாமே என்றால், அதில் களிமண்ணும் கலந்திருக்கும். அவசரத்துக்கு உதவும், பழக்கமாக வேண்டாம்.