படாத குத்து எப்படிப் படுகிறது?

1973இல் வந்த 'எண்டர் தி டிராகன்' படத்தில் புரூஸ் லீயும் வில்லனின் அடியாள் ஓஹாராவும் மோதும் இடம். இருவர் மணிக்கட்டுகளும் உரசியபடி நிற்கின்றன. அசைவே இல்லை. சட்டென்று லீயின் கை போய்த் திரும்புகிறது. ஓஹாரா தரையில் கிடக்கிறான். அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் கணத்தில் பார்ப்பவர் உடம்பு விறைக்கிறது. லீ வேகமானவர் என்பது மட்டும் இதற்குப் போதுமான விளக்கம் அல்ல. படச்சுருளில் வேகத்தைப் பதிவதுதான் மிகக் கடினம்.

கணக்கைப் பாருங்கள். திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனி நிலைப்படங்கள். ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் வழக்கமான அமைப்பில் இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1/48 நொடிதான் ஒளி விழும். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகும் முஷ்டி ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததற்குள் 33 செ.மீ. நகர்ந்துவிடும், ஒரே ஃபிரேமுக்குள் 17 செ.மீ. நீளத்துக்கு மங்கலாக இழுபடும். அரை மீட்டர் தூரக் குத்து இரண்டு, மூன்று ஃபிரேமில் முடிந்துபோகும். அதை அப்படியே படமெடுத்தால் திரையில் தெரிவது ஒரு தீற்றல் மட்டுமே.

அதனால்தான் அந்த அசையா நிலை. கண் ஏற்கெனவே லீயின் தோளிலும் முழங்கையிலும் நிலைகுத்தி இருப்பதால், இரண்டு ஃபிரேம் மாற்றமும் அதற்குத் தப்பாது. ஹாங்காங் சண்டைக் காட்சிகளில் 'நிறுத்தம், வெடிப்பு, நிறுத்தம்' என்ற தாளம் ஓடுவதைத் திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் விரிவாக எழுதியிருக்கிறார். அடித்த கை நீட்டியபடி சில ஃபிரேம் நிற்பதும் இந்தத் தாளத்தில் சேர்ந்ததே. கடந்துபோனது என்ன என்று மூளை வாசித்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். இதன் ஒரு வேர் சீன மரபு இசைநாடகமான பீக்கிங் ஓபராவில் இருக்கிறது; அங்கே நடிகர் ஒரு அசைவை முடித்ததும் தாளவாத்தியத்தோடு சிலைபோல் நிற்பார். இந்தப் படத்தின் தொடக்கச் சண்டையில் லீயை எதிர்க்கும் சாமோ ஹங் அத்தகைய ஓபராப் பள்ளியில் வளர்ந்தவர்.

காட்சி நம்பும்படி இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணால் கண்டு கையை அசைக்க மனிதருக்கு ஏறக்குறைய 200 மில்லிநொடி ஆகும். அந்த நெருக்கத்தில் குத்து அதற்கு முன்பே சேர்ந்துவிடும். ஓஹாரா தடுக்க முடியாமல் நிற்பது உடலியல் விதிப்படி சரி.

பெரும்பாலான திரைச் சண்டைகளில் முகத்துக்கு வரும் குத்து படுவதே இல்லை. முஷ்டி 15, 20 செ.மீ. தள்ளியே போகும். கேமரா ஒற்றைக் கண் கொண்டது. ஆழத்தை அளக்கும் இரண்டாவது கண் அதற்குக் கிடையாது. ஆகவே அடிப்பவர் அல்லது அடிவாங்குபவர் தோளுக்குப் பின்னால் அதை நிறுத்தி, இடைவெளி லென்ஸின் பார்வைக்கோட்டிலேயே விழும்படி செய்கிறார்கள். தள்ளி நின்று, தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்தால் ஆழம் இன்னும் தட்டையாகும். கேமரா பக்கவாட்டில் கொஞ்சம் விலகினாலும் வெளிச்சம் இடையில் தெரிந்து குட்டு உடையும். முஷ்டியின் பிம்பம் தாடையைக் குறுக்கே கடக்க வேண்டும் என்பது முதல் விதி. அது தவறினால் எடிட்டரும் காப்பாற்ற முடியாது.

அடுத்தது தலை திரும்பும் நேரம். பெல்ஜிய உளவியலாளர் ஆல்பர்ட் மிஷோட் 1940களிலேயே இதற்கான விதியைக் கண்டார். ஒரு பொருள் இன்னொன்றைத் தொட்டதும் இரண்டாவது உடனே நகர்ந்தால் 'இது தள்ளியது' என்று நாம் நேரடியாகக் காண்கிறோம். தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டும்போது அந்தக் காரண உணர்வு கலைகிறது. திரைக் கணக்கில், தலை ஒன்றிரண்டு ஃபிரேமில் திரும்பினால் அடி விழுந்தது. நான்கு ஃபிரேம் ஆனால் நடிப்பு தெரிகிறது. முஷ்டி வருமுன்பே தலை திரும்புவது அதைவிட மோசம். புதிய ஸ்டண்ட் கலைஞர்களிடம் அடிக்கடி காணும் பிழை இது.

ஆனால் அடியை அடியாக்குவதில் பெரும்பங்கு காதுக்கு. 1997இல் செகுலர் குழுவினர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. திரையில் இரண்டு வட்டுகள் எதிரெதிராக வந்து கடக்கின்றன. ஒலி இல்லாதபோது பெரும்பாலும் ஒன்றை ஒன்று ஊடுருவிப் போவதாகவே தெரிகிறது. அவை சந்திக்கும் கணத்தில் ஒரு 'டிக்' சேர்த்தால், மோதித் திரும்புவதாகக் காணும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. படம் அதேதான்! முகத்தைக் கடந்துபோகும் முஷ்டி 'டப்' ஓசையால் மோதலாகிறது.

அந்த ஒலியை எந்த ஃபிரேமில் வைப்பது என்பது நுட்பமான வேலை. ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 42 மில்லிநொடி. ஒலி படத்துக்கு 45 மில்லிநொடி முந்தினாலே பார்வையாளர் உணரத் தொடங்குவார்; பிந்தினால் 125 வரை கவனிக்கமாட்டார் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரையறை. உலகில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னே வருவதால் நமக்கு இந்தப் பழக்கம். சந்தேகமாக இருந்தால் ஓசையை ஒரு ஃபிரேம் பின்னே தள்ளுவதே நல்லது. அந்தக் கால ஹாங்காங் படங்களில் ஒலி முழுவதும் பிறகு சேர்க்கப்பட்டதால் இந்தச் சுதந்திரம் தாராளமாகக் கிடைத்தது.

படம் வந்த அதே 1973இல் ஸ்வீடன் நாட்டு குன்னர் யோஹான்சன், மூட்டுகளில் பொருத்திய பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகள் மட்டும் இருளில் நகர்ந்தாலே மனிதர் நடப்பதை நாம் உடனே அடையாளம் காண்கிறோம் என்று நிறுவினார். மூளைக்குத் தேவை மூட்டுகளின் ஒத்திசைவு. ஒரு குத்தில் பாதம் தரையை உந்த, இடுப்பு திரும்ப, தோள் பின்தொடர, கடைசியில்தான் முஷ்டி வருகிறது. தலைமுதல் கால்வரை காட்டும் ஷாட்டில் இந்தச் சங்கிலி முழுதாகத் தெரியும். முஷ்டிக்கு மட்டும் க்ளோசப் போட்டால் சங்கிலி அறுந்துவிடும். அரை நொடிக்கு ஒரு கட் வைக்கும் சண்டைகள் மனதில் தங்காததற்கு இதுவே காரணம் என்பேன். புதிய இடத்துக்குக் கண் தாவ 200 மில்லிநொடி, அதாவது ஐந்து ஃபிரேம் போகிறது. 12 ஃபிரேம் ஷாட்டில் ஏறக்குறையப் பாதி வீண். தேர்ந்த எடிட்டர் கட் செய்யும்போது முந்தைய அசைவின் இரண்டு, மூன்று ஃபிரேமை மறுபடி காட்டி அந்த இழப்பை ஈடுகட்டுவார்.

கேமராவை மெதுவாக ஓட்டி வேகம் கூட்டுவதும் உண்டு. நொடிக்கு 20 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் கை 1.2 மடங்கு வேகமாகும். ஆனால் முடுக்கம் வேகப்பெருக்கத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால் புவியீர்ப்பு 1.44 மடங்காகத் தெரியும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ 0.45 நொடி எடுப்பவர் 0.38 நொடியில் விழுவார். தரையில் கால் ஊன்றிய கைச்சண்டையில் இந்த உத்தி பொருந்தும். குதித்து உதைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் வந்தால் முஷ்டியை விட்டுவிட்டு, தலைமுடியும் உடையின் தளர்ந்த விளிம்பும் எழும்பிய தூசியும் எப்படி விழுகின்றன என்று பாருங்கள்.