குஞ்சு பொரிப்பகத்துக்கு 25 லட்சம் மானியம்: யாருக்குச் சரிப்படும்?

மாசி பிறந்தால் தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கில் அடை வைக்கும் பேச்சும் தொடங்கிவிடும். கூடலூர், லோயர்கேம்ப் பக்கம் வீட்டுக்கு நாலு கோழி வைத்திருப்பவர்கள்கூட இப்போது முட்டை பொரிக்கும் சின்ன இயந்திரம், அதாவது இன்குபேட்டர் ஒன்றை வாங்கி மூலையில் வைத்துவிடுகிறார்கள். நாலு ஈடு நன்றாகப் பொரித்துவிட்டால் அடுத்து வரும் கேள்வி இதுதான்: "பொரிப்பகம் போட்டா கவர்மெண்டு 25 லட்சம் தருதாமே?"

தருகிறது. ஆனால் அது சின்ன இன்குபேட்டருக்கான பணம் இல்லை.

மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கம் 2021-22இல் திருத்தி அமைக்கப்பட்டபோது நாட்டுக்கோழித் தொழில்முனைவோருக்கு என்று ஒரு பிரிவு வந்தது. தாய்க்கோழிப் பண்ணை, பொரிப்பகம், குஞ்சு வளர்ப்புக் கூடம் மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு திட்டம். மூலதனச் செலவில் பாதி மானியம், உச்சவரம்பு 25 லட்சம். 30 லட்சத்தில் முடித்தால் 15 லட்சம்தான் வரும். நிலம் வாங்க, குத்தகை கட்ட, சொந்த வண்டி எடுக்க, அன்றாடச் செலவு பார்க்க இதில் பணம் கிடையாது. தனிநபர், சுய உதவிக்குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எல்லாரும் விண்ணப்பிக்கலாம். நிலம் சொந்தமாகவோ குத்தகையாகவோ இருக்கலாம்.

அளவுதான் பலரை மலைக்க வைக்கிறது. குறைந்தது 1,000 தாய்க்கோழி, வாரம் 3,000 முட்டை பொரிக்கும் பொரிப்பகம், வாரம் 2,000 குஞ்சை நாலு வாரம் வரை வளர்க்கும் கூடம். அப்படியானால் எந்த நேரத்திலும் கூடத்தில் 8,000 குஞ்சு நிற்கும். நம்மூர் நாட்டு ரகங்களான சிறுவிடை, பெருவிடை வருஷத்துக்கு 60, 80 முட்டைக்கு மேல் இடாது. ஆயிரம் கோழி இருந்தாலும் வாரத்துக்கு 1,300 சொச்சம்தான் தேறும். அதனால்தான் இந்தத் திட்டத்தில் போகிறவர்கள் வனராஜா, கிராமப்பிரியா மாதிரி மேம்படுத்திய ரகங்களைப் பார்க்கிறார்கள். வாரா வாரம் 2,000 ஒரு மாதக் குஞ்சை வாங்க ஆள் இருக்கிறதா என்பதற்கு விடை தெரியாமல் திட்ட அறிக்கை எழுதப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

பணம் கைக்கு வரும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். உத்யமி மித்ரா இணையதளத்தில் விண்ணப்பம் போட வேண்டும். திட்ட அறிக்கை, நில ஆவணம், ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், கோழி வளர்ப்பில் பயிற்சி பெற்றதற்கோ அனுபவத்துக்கோ சான்று தேவை. பயிற்சிக்குத் தேனிக்காரர்கள் காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்தில் விசாரிக்கலாம். திட்டத்தை நம் மாநிலத்தில் நடத்தும் மாநில முகமை பார்த்து, வங்கி கடன் ஒப்புதல் தந்து, டெல்லி அனுமதித்த பிறகு மானியம் இரண்டு சம தவணையாக சிட்பி (சிறுதொழில் வளர்ச்சி வங்கி) வழியாக வரும். வங்கி முதல் தவணைக் கடனை விட்டு, வேலை நடப்பதை அதிகாரிகள் பார்த்த பின் ஒரு பாதி. எல்லாம் முடிந்து ஓட ஆரம்பித்தபின் மறு பாதி. "மானியம் வந்ததும் கொட்டகை போடலாம்" என்று உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது.

சின்ன அளவில் செய்ய நினைப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் 250 கோழித் திட்டம்தான் பொருந்தும். கொட்டகை, தீவனத் தட்டு, நாலு மாதத் தீவனம் இவற்றின் செலவில் பாதி மானியம். ஒன்றரை லட்சத்தை ஒட்டி வரும். ஓசூர் அரசுப் பண்ணையிலிருந்து நாலு வாரக் குஞ்சு 250 இலவசம். 625 சதுர அடி இடம் வேண்டும், அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும், மூன்று வருஷத்துக்குக் குறையாமல் நடத்த வேண்டும். கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகளுக்கு முன்னுரிமை. 30 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு. உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் போதும்.

நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் குமுளி, வண்டிப்பெரியாறு, மறையூர் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்குத் தமிழ்நாட்டுத் திட்டம் கிடைக்காது. மத்தியத் திட்டம் இரண்டு பக்கமும் உண்டு. நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில முகமை வழியாகத்தான் போக வேண்டும்.

சரி, மாசிக்கு என்ன அவசரம்? பொரிக்க 21 நாள். முதல் 18 நாள் சூடு 37.5 டிகிரியை விட்டு அதிகம் நகரக்கூடாது, முட்டையை நாளைக்குப் பல தடவை திருப்ப வேண்டும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் ரத்த நாளம் சிலந்தி வலையாகத் தெரியும். தெளிவாக வெறுமையாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். ஓட்டில் பொத்தல் விழுந்தபின் குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகும்; பாவம் என்று ஓட்டை உரித்துவிட்டால் பெரும்பாலும் ரத்தம் கசிந்து செத்துவிடும். மாசியை விட்டால் கோடை வந்துவிடும்; சித்திரை வெயிலில் சேர்த்து வைக்கும் முட்டை இன்குபேட்டருக்குப் போகும் முன்பே கரு அரைகுறையாகக் கிளம்பிப் பட்டுப்போகும். வங்கி மேலாளரிடம் பொரிப்புச் சதவீதம் சொல்லும்போது கோடைக்கணக்கைத் தனியாகச் சொல்லுங்கள். 3,000 முட்டைக்கு 2,000 குஞ்சு என்ற கணக்கு நல்ல மாதங்களுக்குத்தான் சரி.

பிப்ரவரியில் நடக்கும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமையும் தவற விடாதீர்கள், ஊசி இலவசம்.

அப்புறம் விற்பனை. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் வந்தால், 2024 ஏப்ரலில் ஆலப்புழையில் வந்தது போல, எல்லைச் சாவடிகளில் சோதனை தொடங்கிவிடும். அங்கிருந்து வரும் கோழி, முட்டை வண்டிகள் திரும்ப வேண்டியதுதான். போய்த் திரும்பும் காலி வண்டிக்கும் கிருமிநாசினி அடிப்பார்கள். பாதித்த வட்டாரத்தில் விற்பனையும் நின்றுவிடும். அதனால் திட்ட அறிக்கையில் கேரள வியாபாரியோடு உசிலம்பட்டி, ஆண்டிபட்டிச் சந்தைகளையும் எழுதி வையுங்கள்.