அக்கிக்கு முதல் மூன்று நாள்

உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து அக்கியோடு வருகிறவர்களில் பலருக்கு உடம்பில் செங்காவி காய்ந்திருக்கும். மண்பானை செய்யும் வேளார் வீட்டில் காவியைக் குழைத்து அக்கி எழுதிப் பார்த்துவிட்டு, எரிச்சல் அடங்காமல் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ வருவார்கள். எழுதியதற்காக யாரையும் நான் திட்டுவதில்லை. ஈரக்காவி கொஞ்ச நேரம் குளிர்ச்சி தரும். உடைந்த கொப்புளத்தில் மண் படாமல் இருந்தால் சரி. போன நாள்கள்தான் எனக்குக் கவலை.

அக்கி வெளியிலிருந்து புதிதாக ஒட்டிக்கொள்வதில்லை. சின்ன வயதில் சின்னம்மை போட்டபோது உள்ளே வந்த வைரஸ், நரம்பு முடிச்சுகளில் வருடக்கணக்காகப் பதுங்கியிருக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வரும். உடம்பில் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கிளம்புவது அதனால்தான். சுற்றி வந்து இரண்டு நுனியும் சேர்ந்தால் ஆள் பிழைக்கமாட்டார் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது.

அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும். பெருகி, நரம்பைப் புண்ணாக்கிய பிறகு அவற்றுக்குப் பெரிதாக வேலையில்லை. அதனால் கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகும் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் கொடுப்போம்.

பெரியவர்களுக்கு வழக்கமாக அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு 5 வேளை, 7 நாள். ஐந்து வேளை என்றதும் பலருக்கு முகம் மாறும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று சீட்டில் எழுதியே கொடுத்துவிடுவேன். முடியாது என்பவர்களுக்கு வாலாசைக்ளோவிர் 1000 மில்லிகிராம், 3 வேளை; விலை கூடுதல். மெடிக்கலில் போய் "அக்கி மாத்திரை குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கினால் 200, 400 என்று கைக்கு வந்துவிடுகிறது. அது உதட்டிலும் பிறப்புறுப்பிலும் வேறொரு வைரஸால் வரும் ஹெர்பிஸ் கொப்புளத்துக்கான அளவு, அக்கிக்குப் பத்தாது. களிம்பை மட்டும் தடவிக்கொண்டிருப்பதும் வீண்.

கிட்னி பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். சர்க்கரை உள்ள வயதானவர் என்றால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்ப்பது நல்லது. குறைக்காமல் கொடுத்தால் ஆள் திடீரென்று பிதற்ற ஆரம்பிக்கலாம். வீட்டில் காத்துக்கருப்பு என்று நினைத்துவிடுவார்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வலிக்கென்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிச் சேர்த்துப் போடுவது கிட்னிக்கு இரட்டைச் சுமை. புண் ஆறி மூன்று மாதம் கழித்தும் நிற்கும் நரம்பு வலிக்கு மருந்து வேறு.

பிறப்புறுப்பு ஹெர்பிஸ் பற்றியும் ஒன்று: மாத்திரை அந்த வைரஸை உடம்பைவிட்டு விரட்டாது. அடிக்கடி திரும்ப வந்தால் குறைந்த அளவில் தினமும் போடும் முறை இருக்கிறது. வெட்கப்பட்டு மறைக்காமல் கேளுங்கள்.

அக்கிக் கொப்புளம் உடைந்து காயும்வரை கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மை வராதவர்களுக்கு அதிலிருந்து அம்மை தொற்றும்.

நெற்றியிலோ இமையிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண் பாதிக்கப்படலாம். மதுரை பெரியாஸ்பத்திரிக்கோ அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கோ அன்றைக்கே போய்விடுங்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.